பிடிவாதமா, மனவுறுதியா?

நமக்கு வேண்டிய ஒருவர் தாம் எடுத்த முடிவில் அசையாமல் நின்றால், அவரை மனவுறுதி மிக்கவர் என்று போற்றுகிறோம். நமக்கு வேண்டாத ஒருவர் அவ்வாறே நின்றால், பிடிவாதக்காரர் என்று தூற்றுகிறோம். பங்குப் பேரவைக் கூட்டத்தில் நாம் விட்டுக்கொடுக்க மறுப்பது கொள்கைப் பற்று. எதிரில் அமர்ந்திருப்பவர் மறுப்பது வீம்பு. தாம் விரும்பிய படிப்பையே படிப்பேன் என்று மகள் சொன்னால் அது அடங்காமை. நாம் சொன்ன படிப்பைத்தான் அவள் படிக்க வேண்டும் என்று நாம் நிற்பது பெற்றோரின் பொறுப்பு. அப்படியானால் இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு, சொல்பவரின் நாவில் மட்டும்தான் இருக்கிறதா? பண்பிலேயே ஒரு வேறுபாடு உண்டா?

உண்டு என்கிறார் புனித தாமஸ் அக்வினாஸ். 13ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய 'இறையியல் தொகுப்பு' என்னும் பெருநூலில், மனத்திடம் என்னும் தலையான நற்பண்பின் ஒரு கூறாக நிலைத்திருத்தலை வைக்கிறார். அதை அடுத்து, அதற்கு எதிரான குறைகள் இரண்டு என்று வகுக்கிறார். ஒன்று, சிறு துன்பம் கண்டதும் துவண்டுவிடும் மென்மை. மற்றொன்று பிடிவாதம். முன்னது நிற்க வேண்டிய அளவுக்கு நில்லாமை; பின்னது நிற்கத் தகாத அளவுக்கு நிற்றல். நிலைத்திருத்தல் இவ்விரண்டிற்கும் நடுவே உள்ளது. இந்த வகுப்பு தெளிவானதே. ஆனால், நம் வாழ்வில் அந்த நடுக்கோடு எங்கே ஓடுகிறது என்பதைக் காண, வகுப்பு மட்டும் போதாது. ஒரு முழு வாழ்க்கை வேண்டும். அதற்காக, ஏறத்தாழ நூறு ஆண்டுகள் வாழ்ந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

ஒரு தந்தையும் ஒரு மகளும்

ஹாலி கிராஃபோர்டு 1897ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். பிழைப்புக்கேற்ப ஊர் ஊராகப் பெயர்ந்து சென்ற குடும்பம் அது. கூடார வண்டியில் பயணம் செய்து, 1910இல் அவர்கள் மேற்கு டெக்சாஸில் உள்ள ஆல்பைன் என்னும் சிற்றூரை அடைந்தனர். அங்கே உயர்நிலைப் பள்ளியை முடித்த ஹாலி, ஆசிரியர் சான்றிதழும் பெற்று, 1916இல் பிரெசிடியோ என்னும் ஊரின் பள்ளியில் வேலை ஏற்றார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பதுகூட நிறைந்திருக்கவில்லை.

பிரெசிடியோ, ரியோ கிராண்டே ஆற்றின் கரையில் உள்ள எல்லை ஊர். ஆற்றுக்கு அப்பால் மெக்சிக்கோ நாட்டின் ஓஹினாகா நகரம். 1910இல் மூண்ட மெக்சிக்கோ புரட்சி அப்போது ஓயவில்லை. 1914 சனவரியில் பாஞ்சோ வில்லாவின் படை ஓஹினாகாவைக் கைப்பற்றியபோது, தோற்ற படைவீரரும் பொதுமக்களுமாக ஆயிரக்கணக்கானோர் ஆற்றைக் கடந்து பிரெசிடியோவில் தஞ்சம் புகுந்தனர். 1916 மார்ச்சில் நியூ மெக்சிக்கோவின் கொலம்பஸ் என்னும் ஊரும், மே மாதத்தில் அதே எல்லைப் பகுதியின் கிளென் ஸ்பிரிங்ஸ் என்னும் குடியிருப்பும் தாக்கப்பட்டன. இத்தகைய ஆண்டில், இத்தகைய ஊருக்கு, மணமாகாத மகளைத் தனியே அனுப்ப எந்தத் தந்தை உடன்படுவார்? ஹாலியின் தந்தையும் தடுத்தார். பயனற்ற அலைச்சலைக் 'காட்டு வாத்துகளைத் துரத்துதல்' என்று ஆங்கிலேயர் சொல்வதுண்டு. மகளின் முடிவு அப்படிப்பட்டதுதான் என்றார் தந்தை. அப்படியானால் அந்த வாத்துகளைச் சேர்த்துக்கொண்டு வருவேன் என்ற பொருளில் மகள் விடையளித்தார், போனார். இடுப்பில் கைத்துப்பாக்கியோடு பள்ளிக்குச் சென்று பாடம் நடத்தினார்.

இந்த இடத்தில் நம்மில் பலர் முகம் சுளிப்போம். தாய் தந்தையரை மதித்து நட என்னும் நான்காம் கட்டளை என்னவாயிற்று? இது வெறும் அயல்நாட்டுக் கேள்வி அன்று. நம் வீட்டுக் கூடத்தில் நாள்தோறும் எழும் கேள்வி. 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் இதில் நுட்பமான ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறது. பிள்ளைகள் வளர்ந்து தம் பொறுப்பைத் தாமே ஏற்கும்போது கீழ்ப்படியும் கடமை நீங்குகிறது. மதிக்கும் கடமையோ என்றும் நீங்குவதில்லை. தொழிலையும் வாழ்க்கைத் துணையையும் தேர்ந்துகொள்வதில் பிள்ளைகளை வற்புறுத்தலாகாது என்றும், அறிவுரை கூறுவதற்கு அது தடையாகாது என்றும் பெற்றோருக்கு அதே நூல் சொல்கிறது. ஆகவே, தந்தை எச்சரித்தது தவறன்று. அது அவருடைய கடமை. மகள் சென்றதும் தவறன்று. மதிப்பு எஞ்சியதா என்பதே கேள்வி. எஞ்சியது என்பதற்கு ஒரு சான்று உண்டு. எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, தம் வாழ்க்கை நினைவுகளை நூலாக்கியபோது, தந்தையோடு நடந்த அந்தச் சொல்லாடலையே அவர் நூலின் தலைப்பாக வைத்தார். தடுத்த தந்தையை அவர் தம் வாழ்வின் கதையிலிருந்து நீக்கிவிடவில்லை; முகப்பிலேயே நிறுத்தினார். பிடிவாதக்காரர் தம்மை மறுத்தவரை மறக்கவே விரும்புவார். அல்லது வென்றுவிட்டதாகச் சொல்லிக்காட்டவே நினைவில் வைத்திருப்பார்.

ஆசிரியை மாணவியான கதை

பிரெசிடியோவில் ஓராண்டு கற்பித்தபின், மாரத்தான் என்னும் ஊரில் ஆசிரியைப் பணி தொடர்ந்தது. அங்கே, தம்மைவிட ஏறக்குறைய இருபது ஆண்டுகள் மூத்தவரான ராய் ஸ்டில்வெல் என்னும் கால்நடைப் பண்ணையாளரைச் சந்தித்து, 1918இல் அவரை மணந்தார். மணமான பெண்களை ஆசிரியப் பணியில் வைத்துக்கொள்ளாத பள்ளிகள் அக்காலத்தில் பல. வகுப்பறை வாழ்வு அத்தோடு முடிந்தது.

சென்று சேர்ந்த இடம் எது? மாரத்தான் ஊருக்கு 70 கிலோமீட்டருக்கும் அப்பால், சிவாவா பாலைநிலத்தின் விளிம்பில், ஒற்றையறை வீடு ஒன்று. ஆண்டுக்கு 250 முதல் 350 மில்லிமீட்டர் வரை மழை பெய்தால் அதுவே பேறு. அத்தகைய மண்ணில் ஒரு மாடு பிழைக்கவே பல ஏக்கர் நிலம் வேண்டும் என்பதால், பண்ணை என்றால் ஆயிரக்கணக்கான ஏக்கர். கண்ணுக்கெட்டிய தொலைவு வரை மனித முகம் இல்லை. அங்கே மாடு மேய்த்த கௌபாய்கள் இந்தப் புது மணப்பெண்ணைக் கண்டு, பள்ளிக்கூட ஆசிரியை ஆறு மாதம்கூடத் தாங்கமாட்டார் என்று கணித்தார்களாம். அவரோ எழுபத்தொன்பது ஆண்டுகள் அப்பண்ணையின் பெண்மணியாகவே விளங்கினார்.

இந்தக் கணக்கைக் கேட்டதும் 'பார்த்தீர்களா, எவ்வளவு உறுதி!' என்று வியந்து நின்றுவிடுவோமானால் நாம் முக்கியமானதைத் தவறவிடுவோம். ஒருவர் எத்தனை ஆண்டு ஓரிடத்தில் இருந்தார் என்பது அவருடைய பண்பைக் காட்டாது. பாறையும் அங்கேயே இருக்கிறது. இருந்தபோது அவருக்குள் என்ன நடந்தது என்பதே பொருள்.

அந்நாளில் அந்த எல்லைப் பகுதியில் கொள்ளையர் அச்சம் இருந்தது. அவரைத் தனியே வீட்டில் விட்டுச்செல்ல இயலாது. எனவே கணவரோடும் பணியாட்களோடும் குதிரையேறி அவரும் மேய்ச்சல் வெளிக்குச் சென்றார். ஆண்களின் உடையை அணிந்தார். மாடுகளை ஒன்றுதிரட்டவும், கன்றுகளுக்குக் குறி சுடவும் கற்றார். சற்றே எண்ணிப் பாருங்கள்: நேற்றுவரை கரும்பலகையின் முன் நின்றவர், இன்று எழுத்தறியாத பணியாளும் தமக்கு ஆசானாக நிற்கக்கூடிய இடத்தில் மாணவியாக நிற்கிறார். 'நான் சான்றிதழ் பெற்றவள்' என்று அங்கே சொல்ல முடியாது; குதிரை சான்றிதழைக் கேட்பதில்லை.

அக்வினாஸ் விவேகத்தின் கூறுகளுள் ஒன்றாகக் கற்கும் மனத்தைக் குறிப்பிடுகிறார். வாழ்வில் எதிர்ப்படும் நிலைமைகள் எண்ணிலடங்கா. அவற்றையெல்லாம் ஒருவர் தாமாகவே அறிந்துகொள்ள முடியாது. ஆகவே பிறரிடம், சிறப்பாக முதியோரிடம் கற்க வேண்டும் என்பது அவர் கருத்து. பிடிவாதத்திற்கும் உறுதிக்கும் இடையே நாம் தேடும் கோடு இங்கேதான் முதன்முதலில் நம் கண்ணுக்குப் புலப்படுகிறது. பிடிவாதக்காரர் இடத்தைப் பிடித்துக்கொண்டு தம்மை மாற்ற மறுக்கிறார். உறுதியுள்ளவர் இடத்தில் நிலைக்கிறார், தம்மை மாற்றிக்கொள்கிறார்.

புனித ஆசீர்வாதப்பர் 6ஆம் நூற்றாண்டில் தம் துறவியருக்கு வகுத்த ஒழுங்கிலும் இதையே காண்கிறோம். அவரது சபையில் சேர்பவர் அளிக்கும் வாக்குறுதியில் மூன்று கூறுகள் உண்டு: நிலைத்திருத்தல், வாழ்வை மாற்றிக்கொள்ளுதல், கீழ்ப்படிதல். நிலைத்திருத்தலுக்கு அடுத்தே மாற்றத்தை அவர் வைத்தது ஏன்? மாற்றம் இல்லாத நிலைப்பு இறுகிப்போகும். நிலைப்பு இல்லாத மாற்றம் அலைந்துபோகும். மடத்துச் சுவர்களுக்குள் வாழ்வோருக்குச் சொல்லப்பட்ட இந்த அறிவு, குடும்ப வாழ்வினராகிய நமக்கும் பொருந்தாதா?

வறட்சி வந்தபோது

ஹாலியின் உறுதியை மெய்யாகச் சோதித்தவை கௌபாய்களின் கேலிப் பேச்சு அன்று. 1948ஆம் ஆண்டும் அதற்கு அடுத்த பத்தாண்டும் ஆகும். 1948இல் வண்டி விபத்து ஒன்றில் ராய் இறந்தார். ஐம்பதே வயதான கைம்பெண், மூன்று மக்களின் தாய். அடுத்து வந்தது பெரும் வறட்சி. 1950 தொடங்கி 1957 வரை டெக்சாஸ் அத்தகைய பஞ்சத்தைக் கண்டது. மாநிலத்தின் 254 கவுண்டிகளில் 244 பேரிடர்ப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. புல் கருகிய இடங்களில் பண்ணையார்கள் சப்பாத்திக்கள்ளியின் முட்களைத் தீயால் பொசுக்கி, அதையே மாடுகளுக்குத் தீனியாகக் கொடுத்தனர். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலத்தை விட்டு நகரங்களுக்குச் சென்றன.

நிலத்தைக் காப்பாற்ற ஹாலி செய்தது என்ன? 'பண்ணைப் பெண்மணி மாடு வளர்ப்பதன்றி வேறு எதையும் செய்யமாட்டாள்' என்று நின்றிருந்தால், அது பிடிவாதம், நிலமும் போயிருக்கும். அவர் வெளிவேலைகளுக்குச் சென்றார். 1955இல் ஆல்பைன் ஊரின் வார இதழில் பண்ணைச் செய்திகளை எழுதத் தொடங்கினார். 1958இல், தம் வட்டாரத்து ஊர்களுக்கும் மலைகளுக்கும் பெயர் வந்த வரலாற்றை மற்றோர் எழுத்தாளரோடு இணைந்து நூலாக்கினார். 1964இல், எழுபதை நெருங்கும் வயதில், புரூஸ்டர் கவுண்டியின் சமாதான நீதிபதியாகப் பொறுப்பேற்று ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் பணியாற்றினார். டெக்சாஸின் கவுண்டிகளிலேயே பரப்பளவில் பெரியது அது. ஏறக்குறைய 16,000 சதுர கிலோமீட்டர். சிறு வழக்குகளைத் தீர்ப்பதும் திருமணங்களை நடத்திவைப்பதும் மட்டுமன்று. பிணப் பரிசோதனை அதிகாரி இல்லாத கவுண்டிகளில், நேர்ந்த மரணங்களை விசாரித்துச் சான்றளிப்பதும் அங்கே சமாதான நீதிபதியின் கடமையே. 1969இல், பண்ணையருகே வழிப்போக்கருக்கான கடை ஒன்று திறக்கப்பட்டது. 1944இல் உருவான பிக் பெண்டு தேசியப் பூங்காவுக்குச் செல்வோர் அங்கே இறங்கி, அந்த மூதாட்டியிடம் பழங்கதை கேட்டுச் சென்றனர்.

வகுப்பறையை 1918இல் விட்ட ஆசிரியை, இதழிலும் நீதிமன்றத்திலும் கடைத் திண்ணையிலும் ஆசிரியையாகவே இருந்தார் என்று நமக்குத் தோன்றுகிறது. நோக்கத்தை அவர் விடவில்லை, வழியை விட்டார். இதுவே நாம் தேடும் கோட்டின் இரண்டாம் அடையாளம். பிடிவாதம் வழியைப் பற்றிக்கொண்டு நோக்கத்தை இழக்கும். உறுதி, நோக்கத்திற்காக எத்தனை வழியையும் மாற்றும். வள்ளுவர் ஊக்கத்தையும் விடாமுயற்சியையும் பாடிய அதே பொருட்பாலில், வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் அதிகாரங்களை முன்னதாக வைத்திருப்பதை நாம் மறக்கலாகாது. தன் வலிமையையும் காலத்தையும் இடத்தையும் அறியாத முயற்சி வெறும் மோதல்.

ஒரு மறுப்பு

இவ்விடத்தில் வாசகர் ஒருவர் நம்மை இடைமறிக்கலாம். "நிலைத்திரு, பொறுத்திரு என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பெண்களின் வாழ்வைக் கெடுத்திருக்கிறோம்? அடிக்கும் கணவனிடம் திருப்பி அனுப்பப்பட்ட மகள்கள் நம் பங்குகளில் இல்லையா? இந்தக் கட்டுரையும் அதே பாட்டைத்தான் பாடுகிறதா?"

மறுப்பு நேர்மையானது, நாம் தலைகுனிந்து கேட்க வேண்டியது. இதற்கு நம் விடை: நிலைத்திருத்தல் ஒருவர் தம்மிடம் தாமே கேட்டுக்கொள்ளும் நற்பண்பு, பிறர்மீது சுமத்தும் விலங்கு அன்று. ஹாலி அந்தப் பண்ணையைத் தாமே தேர்ந்தார்; மதித்த கணவரோடு வாழ்ந்தார். அவரை எடுத்துக்காட்டி, அடிபடும் ஒரு பெண்ணிடம் 'நீயும் பொறு' என்போமானால், பிடிவாதம் நம்முடையதே. நம் குடும்பப் பெயர் கெடக்கூடாது என்னும் நம் வீம்பை, அவளுடைய உடலின்மீது நிலைநாட்டுகிறோம். திருமண வாழ்வில் உடலுக்கோ உள்ளத்திற்கோ பெருந்தீங்கு நேரும்போது பிரிந்து வாழும் உரிமையைத் திருச்சபைச் சட்டமே ஏற்கிறது. அவ்வாறு பிரிந்து வந்து, பிள்ளைகளை வளர்த்து, நம்பிக்கையை இழக்காமல் திருப்பலிக்கு வரும் பெண், எதை விட்டுவிட்டாள்? விட வேண்டியதை விட்டாள். காக்க வேண்டியதைக் காத்தாள். அவளும் நிலைத்திருப்பவளே.

அதுபோலவே, வறட்சியில் நிலத்தை விட்டுப் போன ஆயிரக்கணக்கான டெக்சாஸ் குடும்பங்களையும் துவண்டவர்கள் என்று நாம் எண்ணக் கூடாது. பசித்த பிள்ளையைக் காப்பதற்காகப் பெயர்ந்தவர் கோழை அல்லர். திருக்குடும்பமே எகிப்துக்குப் பெயர்ந்தது. சூசையப்பர் அன்றிரவு பெத்லகேமில் நிலைத்திருந்தால் அது எந்தப் பண்பு ஆகியிருக்கும்?

எனவே நாம் தேடிய கோட்டின் மூன்றாம் அடையாளம் இது: யாருக்காக நிற்கிறோம்? பிடிவாதத்தின் மையத்தில் 'நான்' இருக்கும். என் சொல், என் பெயர், என் தோல்வியை ஏற்க மனமின்மை. உறுதியின் மையத்தில், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஒருவரோ ஒரு பொறுப்போ இருக்கும். பிரெசிடியோவுக்குச் சென்றபோது அங்கே பிள்ளைகள் இருந்தனர். பண்ணையில் நின்றபோது, இறந்த கணவர் விட்டுச்சென்ற நிலமும் மக்களும் இருந்தனர்.

முதுமையும் கொடையும்

1991இல், தொண்ணூற்று நான்கு வயதில், ஹாலியின் நினைவு நூல் வெளிவந்தது. 1992இல் தேசிய கௌகேர்ள் புகழ்க்கூடத்திலும், 1994இல் டெக்சாஸ் மகளிர் புகழ்க்கூடத்திலும் அவர் பெயர் இடம்பெற்றது. 1997 ஆகஸ்ட் 18ஆம் நாள், நூறாவது பிறந்தநாளுக்கு இரண்டே மாதங்கள் எஞ்சியிருக்க, அவர் இறந்தார்.

முதியோரின் நாள்களை எஞ்சிய நாள்கள் என்று எண்ணும் காலம் இது. 1999இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் முதியோருக்கென்றே ஒரு மடல் எழுதினார். 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ் தாத்தா பாட்டியருக்கும் முதியோருக்குமான உலக நாளை ஏற்படுத்தினார். இவை முதியோருக்கு ஆறுதல் சொல்வதற்காக மட்டும் எழுந்தவை அல்ல. அவர்களுக்கு இன்னும் ஓர் அழைப்பு உண்டு என்று நமக்கு நினைவூட்டுவதற்காக எழுந்தவை. ஐம்பத்தேழு வயதில் எழுதத் தொடங்கி, அறுபதுகளில் நீதிபதியாகி, தொண்ணூறுகளில் நூல் வெளியிட்ட ஒருவரின் வாழ்வு, அந்த நினைவூட்டலுக்கு நல்ல விளக்கவுரை.

ஆயினும் அவரைப் புகழ்ந்து முடிப்பதற்காக நாம் இதை எழுதவில்லை. தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில் புனித அகுஸ்தினார் ஒரு நூல் எழுதினார். அதன் பொருள் நிலைத்திருத்தல். அவர் அதைக் கொடை என்றே தலைப்பிட்டார். இறுதிவரை நிலைத்திருப்பது நம் நெஞ்சுரத்தின் வெற்றி அன்று, இறைவன் தரும் கொடை என்பது அவர் கண்ட உண்மை. திரெந்து பொதுச்சங்கமும் 1547இல் இதையே கற்பித்தது. பிடிவாதக்காரருக்கும் உறுதியுள்ளவருக்கும் இடையே உள்ள கடைசி வேறுபாடு இங்கே இருக்கிறது. முன்னவர் தம் உறுதியைத் தம் சொத்தாகக் கருதுகிறார்; ஆகவே அதைக் காக்க அஞ்சி அஞ்சி இறுகுகிறார். பின்னவர் அதைக் கேட்டுப் பெறுகிறார். நாளையும் கேட்க வேண்டும் என்று அறிந்திருக்கிறார். நாம் மங்கள வார்த்தை செபத்தில் இறப்பின் வேளைக்காகவும் சேர்த்து மன்றாடுவது இதனால்தான்.

இன்றிரவு ஆன்ம சோதனைக்கு அமரும்போது, நம் வாழ்வில் நாம் விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு சொத்துத் தகராறாக இருக்கலாம். உடன்பிறந்தவரோடு பேசாத பத்தாண்டாக இருக்கலாம். பிள்ளையின் திருமணம் பற்றிய ஒரு முடிவாக இருக்கலாம். அதில் நிற்கும்போது நாம் யாரிடமேனும் கற்றுக்கொண்டோமா? வழி தவறு என்று தெரிந்தபோது வழியை மாற்றினோமா? யாருக்காக நிற்கிறோம்? இந்த உறுதிக்காக இறைவனிடம் என்றாவது வேண்டினோமா, அல்லது வேண்டினால் அவர் அதைக் கைவிடச் சொல்லிவிடுவார் என்று அஞ்சி, வேண்டாமலே இருக்கிறோமா?

கடைசிக் கேள்விக்கு நாம் சொல்லும் விடையிலேயே, நம்முடையது பிடிவாதமா, மனவுறுதியா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.